ஐஸ் வாளி

கணபதி, நான்காவது குறுக்குத் தெரு.
ராத்திரி ஒன்றே முக்கால்.
பன்னிரண்டாம் நாள் என்பதால் தெருவில் யாரும் தூங்கவில்லை.
குடங்கள் வாய் திறந்தபடி வாசலில்.

"ஏனுங்க திருமூர்த்தி, அமெரிக்கா போயிட்டு வந்தீங்களாமா,
அந்தச் சிலையைப் பாத்தீங்களா?"
எதிர்வீட்டு நாச்சிமுத்து கேட்கிறார்,
பச்சை ஓஸைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு.
பாத்தேனுங்க.
பாலத்து மேல டாக்சி போறப்ப, கட்டைவிரல் தண்டி இருந்துச்சு.

நான் போனது நியூயார்க்கின் அடிவயிற்றுக்கு.
எங்கள் கம்பெனி பம்பு ஆறு
அங்கே ஒரு கட்டடத்தின் நிலவறையில் ஓடுகின்றன.
அதில் ஒன்று ஊளையிடுகிறதென்று புகார்.
பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி
என்ன வேலையாக வந்தாய் என்றார்.
"பம்பு" என்றேன்.
இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.
முத்திரை குத்திவிட்டார்.

அஞ்சு நாளில் நாலு நாள் வானம் பார்க்கவில்லை.
ஸ்குரூ டிரைவர் முனையை பேரிங் மூடிமேல் ஊன்றி
பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டேன்.
கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெசிம், அல்பேனியாக்காரர்,
சிரித்துக்கொண்டே பையிலிருந்து தன்னுடையதை எடுத்து
மறுபக்கம் ஊன்றிக் கேட்டார்.
பேரிங் இல்லை.
ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.
மோட்டார் ஒரு நூல் விலகி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கடைசி நாள் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார்.
அத்தனை கண்ணாடிக் கட்டடத்துக்கு நடுவே
மாடிக்கு மாடி மரத்தொட்டிகள், தலையில் தகரக் குல்லா.
பசை கிடையாது, பெயிண்ட் கிடையாது,
பலகைகளை நிறுத்தி இரும்பு வளையம் போட்டு இறுக்கியது.
புதுத்தொட்டி முதல் நாள் ஒழுகுமாம்,
ஒழுகட்டுமென்று விட்டுவிடுவார்களாம்,
மரம் ஊறி, தன் சந்தைத் தானே மூடிக்கொள்ளுமாம்.
இத்தனையும் அவர் கையாலேயே சொன்னார்.

ஆனால் நாச்சிமுத்து அண்ணா,
என் மனசில் நிற்பது லாட்ஜ் அறைதான்.
முதல் ராத்திரி ரெண்டு மணிக்கு
விழிப்புத் தட்டி எழுந்து உட்கார்ந்தேன்.
குழாயில் காற்றுச் சீறுகிறதா என்று காது தேடியது.
கோகிலவாணிக்கு போன் போட்டு "தண்ணி வந்துச்சா?" என்றேன்.
"இன்னைக்கு முறை இல்லீங்களே" என்றாள்,
அவளுக்கு அப்போது மத்தியானச் சோற்று நேரம்.
குளியலறைக் குழாயைத் திறந்தேன்.
வந்தது.
மூடித் திறந்தேன். மறுபடியும் வந்தது.
பிடிக்க ஒரு பாத்திரம் இல்லை,
ஐஸ் வைக்கிற சின்ன வாளி மட்டும்.
அதில் பிடித்து ஓரமாக வைத்த பின்தான் தூக்கம் வந்தது.

மறுநாள் அறை பெருக்குகிற அம்மா
அதை ஊற்றிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.
நான் மறுபடி பிடித்தேன். அவள் மறுபடி கவிழ்த்தாள்.
மூன்றாம் நாள் வெளியே கிளம்பும்போது எதிரே வந்தாள்.
நெஞ்சுச் சீட்டில் பெயரை எழுத்துக் கூட்டினேன்: மாரிசோல்.
என்னைப் பார்த்தாள், உள்ளே வாளியைப் பார்த்தாள்.
நான் திருடனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் வாளி கவிழவில்லை.
தூசி விழாமல் மேலே ஒரு தேநீர்த் தட்டு மூடியிருந்தது.
பக்கத்தில் வேறேதோ அறையிலிருந்து எடுத்து வந்த
இன்னொரு ஐஸ் வாளி,
கழுத்துவரைக்கும் தண்ணீர்.

அவள் எந்த ஊரோ.
அங்கே எத்தனை நாளைக்கு ஒருதரமோ.

"ஏனுங்க, நின்னுட்டே தூங்கறீங்களா?"
கோகிலவாணி உள்ளிருந்து கத்துகிறாள்.
குழாய் ஒருதரம் இருமுகிறது,
சீறுகிறது, கலங்கலாகத் துப்புகிறது.
"அட, அந்தச் சிலையைப் பத்திச் சொல்லுங்க" என்கிறார் நாச்சிமுத்து.
"மொதல்ல ஓஸை மாட்டுங்கண்ணா" என்கிறேன்.